மஞ்சள் கடிதாசியும் மனச்சாட்சியும்

ஃபஜ்ருத் தொழுகை முடிந்து, துஆவுக்கு ஏந்திய கைகள் இறங்குமுன்பே ஒருவர் எழுந்து பின்வாசல் வழியாக வெளியேறுவதைச் சில வாரங்களாகக் கவனித்து வந்தேன். ஒரு காலத்தில் முன் வரிசையை விட்டு நகராதவர் அவர். கடைவீதியில் பதினெட்டு ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர். ரமலான் பிறந்துவிட்டால் ஏழைப் பிள்ளைகளுக்குத் துணி கொடுத்தனுப்புவதில் முந்திக்கொள்பவர். அவரா இன்று கடைசி வரிசையில், தூணின் மறைவில் நின்று தொழுதுவிட்டு விரைகிறார் என்று வியந்தேன். காரணம் பின்னர்தான் விளங்கிற்று. பள்ளிவாசலின் முன்வாசலில் வட்டிக்குக் கொடுத்தவரின் ஆட்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் அமர்ந்து அவருக்காகக் காத்திருந்தனர்.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் மதரஸாவுக்கு வந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததையும், பெருநாளுக்கென்று கடனில் வாங்கி அடுக்கிய சரக்கு விற்பனையாகாமல் தேங்கியதையும், அந்தக் கடனை அடைக்க வட்டிக்கு வாங்கி, அந்த வட்டியைக் கட்ட மீண்டும் வாங்கியதையும் சொல்லி முடித்தார். பிறகு தலை நிமிராமலேயே கேட்டார்:

"ஹஜ்ரத், வக்கீல் ஒருவர் மஞ்சள் கடிதாசி கொடுத்துவிடச் சொல்கிறார். கொடுத்தால் இந்த ஆட்களின் தொல்லை நிற்குமாம். ஆனால், அது மார்க்கத்தில் ஆகுமா? நாளை மறுமையில் பிறர் பொருளைத் தின்றவனாக நிற்பேனா?"

"இதற்குச் சட்டம் அறிந்தவரிடமும் கேட்க வேண்டும், கிதாபுகளையும் புரட்ட வேண்டும். சில நாள் பொறுங்கள் பாய்" என்று சொல்லி அனுப்பினேன். அவருக்காகக் கேட்டறிந்தவை அவரைப் போன்ற பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முஃப்லிஸ் என்பவர் யார்?

செல்வம் இழந்து நொடித்துப் போனவரை அரபு மொழியில் 'முஃப்லிஸ்' என்பர். 'ஃபல்ஸ்' என்னும் செப்புக் காசின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. பொன்னும் வெள்ளியும் போய், செல்லாக் காசு மட்டுமே எஞ்சியவர் என்பது அதன் உட்பொருள். நம் ஊர்களில் அதையே 'திவால்' என்கிறோம், 'ஐ.பி. கொடுத்துவிட்டார்' என்கிறோம். இன்சால்வென்சி பெட்டிஷன் என்பதன் சுருக்கமே ஐ.பி. அதற்கான அறிவிப்பு மஞ்சள் நிறத் தாளில் வந்ததால் 'மஞ்சள் கடிதாசி' என்ற பெயர் நிலைத்தது என்பர்.

அந்தப் பெயரைச் சொன்னதும் நம்மவர் முகம் சுளிக்கின்றனர். 'ஊரை ஏமாற்றியவன்' என்றே பொருள் கொள்கின்றனர். ஏமாற்றியோர் இல்லாமல் இல்லை. அவர்களைப் பற்றியும் கூறுவேன். ஆனால் இந்தச் சட்டம் ஏமாற்றுவோருக்காக எழுதப்பட்டதன்று.

கடனுக்குச் சிறை என்றிருந்த காலம்

கடனைக் கட்ட இயலாதவனைச் சிறையில் அடைப்பதே முற்கால வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824ஆம் ஆண்டு கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் காலணி மை தயாரிக்கும் தொழிற்கூடத்துக்கு வேலைக்குப் போக நேர்ந்தது. சிறையில் இருப்பவன் எப்படிச் சம்பாதிப்பான்? சம்பாதிக்காதவன் எப்படிக் கடனை அடைப்பான்? இந்த எளிய கேள்வி சட்டமியற்றுவோர் உள்ளத்தில் உறைக்கப் பல்லாண்டுகள் ஆயின.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் நொடித்த கடனாளிகளுக்கான நீதிமன்றங்களுக்கு 1828ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1906 அக்டோபரில் சென்னையின் பெரும் வணிக நிறுவனமான அர்பத்நாட் நொடித்து, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் படிப்பினையில் பிறந்ததுதான் 1907ஆம் ஆண்டின் இந்தியன் வங்கி. பின்னர் மாநகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், பிற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் வந்தன. சென்னையில் உயர் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலும் மனுச் செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டு புதிய நொடிப்புச் சட்டத் தொகுப்பு இயற்றப்பட்டது. அதில் தனிமனிதர்களைப் பற்றிய பகுதி, 2019 டிசம்பர் 1 முதல் நிறுவனங்களின் கடனுக்குச் சொந்தப் பொறுப்பேற்றவர்களுக்கு மட்டும் நடைமுறைப்படுத்தப்பட்டது. நம் ஜவுளிக்கடைக்காரரைப் போன்ற எளிய வணிகருக்கு உரியது பழைய சட்டமே.

நீதிமன்றம் எப்படிக் குடை பிடிக்கிறது?

கடனை அடைக்க இயலாதவர், தம் கடன் ரூ.500க்குக் குறையாமல் இருப்பின் தாமே மனுச் செய்யலாம். டிக்ரிப் பணத்துக்காகக் கைதானவரும், சொத்து ஜப்தியில் உள்ளவரும் மனுச் செய்யலாம். மனுவில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், அவர்களின் முகவரி என்ன, தமக்கு என்னென்ன சொத்து உண்டு என்பவற்றை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும். கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும். கடன் கொடுத்த அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பி, நீதிமன்றம் விசாரிக்கும். உண்மையென்று கண்டால் அவரை நொடித்தவர் என அறிவிக்கும்.

அந்த அறிவிப்போடு மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. முதலாவதாக, அவருடைய சொத்துகள் ரிசீவர் எனப்படும் பொறுப்பாளரின் கைக்குப் போகின்றன. இரண்டாவதாக, பட்டியலில் உள்ள கடனுக்காக எவரும் நீதிமன்ற அனுமதியின்றி அவர்மீது வழக்கோ வசூல் நடவடிக்கையோ தொடங்க இயலாது. கடன் கொடுத்தவர் ரிசீவரிடம்தான் தம் கணக்கை மெய்ப்பிக்க வேண்டும். மூன்றாவதாக, கைது செய்யப்படாதிருக்கப் பாதுகாப்பு உத்தரவு வேண்டி அவர் விண்ணப்பிக்கலாம். சொத்தை விற்றுக் கிடைக்கும் தொகை, சட்டம் முன்னுரிமை தந்துள்ள சில பாக்கிகள் போக, மற்றவர்களுக்கு அவரவர் கடனின் விகிதப்படி பங்கிடப்படும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். 'மனுவைக் கொடுத்த நொடியே எவரும் நெருங்க முடியாது' என்று பலர் நினைக்கின்றனர். அமெரிக்காவில் அப்படித்தான். அங்கே 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, மனுத் தாக்கலான கணத்திலேயே பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் தாமாக நின்றுவிட வேண்டும். கடிதம் எழுதுவதும் தொலைபேசியில் நெருக்குவதும்கூடக் கூடா. நம் 1920ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறன்று. முழுப் பாதுகாப்பு நீதிமன்றத்தின் அறிவிப்புக்குப் பின்னரே வருகிறது. இடைக்காலத்தில் பாதுகாப்பு வேண்டுமாயின் தனியே கேட்டுப் பெற வேண்டும். வக்கீல் நோட்டீஸ் ஒன்றை அனுப்பிவிட்டுக் கதவை மூடிக்கொள்வது எந்தப் பாதுகாப்பையும் தராது.

அமீனா தொடக்கூடாதவை

'பாய் படுக்கையைக்கூட அள்ளிப் போவார்களோ' என்று அஞ்சும் தாய்மார்கள் இதை மனத்தில் கொள்க. கடனாளி, அவர் மனைவி மக்கள் ஆகியோரின் தேவையான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள் ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. கைவினைஞரின் கருவிகளையும், உழவரின் ஏரையும் மாட்டையும் விதை நெல்லையும் அது காக்கிறது. இந்தப் பொருள்கள் ரிசீவரிடமும் போவதில்லை. மனைவியின் மஹரும் அவளது சொந்த நகைகளும் அவளுடையவை. அவள் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்றிருந்தாலன்றிக் கணவனின் கடனுக்கு அவை ஈடாகா.

சிறை பற்றிய அச்சமும் பெரிது. பணத்துக்கான டிக்ரியில் பெண்களைக் கைது செய்யவே கூடாது. ரூ.2,000க்கு மிகாத தொகைக்கு எவரையும் சிறை வைக்கலாகாது; பெருந்தொகையாயினும் மூன்று மாதங்களுக்கு மேல் கூடாது. கைதாகி வந்தவரிடம், 'நீர் நொடித்தவராக அறிவிக்கும்படி மனுச் செய்யலாம்' என்று நீதிமன்றமே எடுத்துச் சொல்ல வேண்டும். 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு இவ்வகையில் ஒரு மைல்கல். கட்ட வழியின்றி, கெட்ட எண்ணமும் இன்றி நிற்கும் ஏழையை வறுமைக்காகச் சிறையில் தள்ளுவது, உயிர் வாழும் உரிமையை வழங்கும் அரசியல் சாசனத்தின் 21ஆம் விதிக்கு முரணானது என்று அத்தீர்ப்பு உரைத்தது.

வாசலில் நின்று மிரட்டும் ஆட்களைப் பொறுத்தவரை நீதிமன்ற அறிவிப்புக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. கந்துவட்டியையும் மீட்டர் வட்டியையும் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. அது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். காவல் நிலையத்தில் புகார் செய்ய வெட்கப்பட வேண்டியவர் கடனாளி அல்லர்.

குடைக்கு வெளியே நிற்பவை

இந்தக் குடை எல்லா மழைக்கும் தாங்காது. வீட்டையோ நகையையோ ஈடாக வைத்திருந்தால், ஈடு பெற்றவரின் உரிமை அப்படியே நிற்கும். அரசுக்குத் தர வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை கடைசி விடுதலைக்குப் பிறகும் தீரா. நமக்காகப் பிணைக் கையெழுத்திட்டவர் பிணையிலிருந்து விடுபடார். நண்பரோ மைத்துனரோ நம்பிக் கையெழுத்திட்டிருந்தால், வசூலிப்போர் அடுத்து அவர் வாசலில் நிற்பர். அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் மனுச் செய்வது பெரும் துரோகம். திரும்பி வந்த காசோலைக்கான குற்ற வழக்கும் இதனால் தானாக நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம்.

விடுதலையும் கேட்டவுடன் கிடைப்பதன்று. சொத்துகள் ரூபாய்க்கு எட்டணா வீதமேனும் ஈடு செய்யவில்லையெனில், அது தம் பொறுப்பை மீறிய காரணத்தால் நேர்ந்தது என்று நீதிமன்றத்தை நம்பச் செய்ய வேண்டும். கணக்கெழுதாத வணிகர், சூதாடியவர், வரம்பு மீறி ஆடம்பரமாக வாழ்ந்தவர் ஆகியோருக்கு முழு விடுதலையை மறுக்க நீதிமன்றத்துக்குச் சட்டம் வழிசெய்கிறது. கடன் வாங்கி ஊரை அழைத்து மூன்று நாள் திருமண விருந்து நடத்துவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோசடிக்காரர்களை ஏற்கனவே குறிப்பிட்டேன். சொத்தை மைத்துனர் பெயருக்கு மாற்றிவிட்டு மஞ்சள் கடிதாசி கொடுப்போர் எல்லா ஊரிலும் உண்டு. முந்தைய இரண்டாண்டுகளுக்குள் தக்க விலையின்றிக் கைமாற்றிய சொத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். கணக்கை மறைத்தவருக்கும் சொத்தை ஒளித்தவருக்கும் ஓராண்டு வரை சிறையுண்டு. இத்தகையோரின் செயலால் நேர்மையாக நொடித்தவரும் தலை குனிய நேர்கிறது.

மார்க்கம் சொல்வது என்ன?

கிதாபுகளைப் புரட்டியபோது என் உள்ளம் குளிர்ந்தது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறும், அதைத் தருமமாக விட்டுவிடுவது இன்னும் மேலானதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. அதற்கு முந்தைய வசனமோ, வட்டியைக் கைவிட்டோருக்கு அவர்களின் மூலதனம் மட்டுமே உரியது என்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் வாங்கிய கனிகள் சேதமுற்று, கடன் பெருகிவிட்டது. அண்ணலார் மக்களை அவருக்கு உதவுமாறு பணித்தார்கள். மக்கள் கொடுத்தது கடனுக்குப் போதவில்லை. அப்போது கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுமாறும், அதற்கு மேல் அவர்களுக்கு இல்லையென்றும் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. இன்னொரு முறை, கஅபு இப்னு மாலிக் (ரலி) தமக்கு வர வேண்டிய கடனைப் பள்ளிவாசலிலேயே கேட்க, இருவர் குரலும் உயர்ந்தது. அண்ணலார் தம் அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுவிடுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவர் இணங்கியதும், எழுந்து மீதியைக் கொடுக்குமாறு மற்றவரைப் பணித்தார்கள். ஒரே நொடியில் இரு தரப்புக்கும் நீதி!

நொடித்தவரின் சொத்தைக் காஜி தம் பொறுப்பில் எடுத்து, கடன் கொடுத்தோருக்கு விகிதப்படி பங்கிடுவதை ஃபிக்ஹு நூல்கள் 'ஹஜ்ர்' என்னும் தலைப்பில் விரித்துரைக்கின்றன. இமாம் அபூஹனீஃபா அவர்கள் இவ்வகைத் தடையை ஏற்கவில்லையாயினும், அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும், ஷாஃபிஈ உள்ளிட்ட பிற இமாம்களும் ஏற்றனர். ஆகவே மஞ்சள் கடிதாசியின் சாரம் நமக்குப் புதியதன்று.

ஆனால் ஓரிடத்தில் சட்டமும் மார்க்கமும் பிரிகின்றன. விடுதலை உத்தரவு வந்துவிட்டால் எஞ்சிய கடனைச் சட்டம் அழித்துவிடுகிறது. மார்க்கமோ, கடன் கொடுத்தவர் மனமுவந்து விட்டுக்கொடுக்காத வரை, எஞ்சிய நியாயமான கடன் கழுத்தில் உண்டு என்கிறது. வசூலிப்போரின் கைகளைத் தடுப்பது நீதிமன்றத்தால் முடியும். மறுமையில் கேட்கப்படும் கேள்வியைத் தடுப்பது அதன் கையில் இல்லை. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநீதி என்பது அண்ணலாரின் வாக்கு.

அந்தத் தாயின் எண்பதாயிரம்

இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருந்தார். முதல் பெயர் எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு கைம்பெண்ணுடையது. மகளின் நிக்காஹுக்கென்று சேர்த்த எண்பதாயிரம் ரூபாயை நம்பிக்கையாக அவரிடம் கொடுத்து வைத்திருந்தார் அந்தத் தாய்.

"மனுக் கொடுப்பதற்கு முன்பு இவருக்கு மட்டும் ரகசியமாகக் கொடுத்துவிடட்டுமா ஹஜ்ரத்? வட்டிக்காரனும் இவரும் ஒரே வரிசையில் நிற்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை."

அவர் கேட்டதில் இரக்கம் இருந்தது. ஆயினும் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்தால், அதை ரிசீவர் திரும்பப் பெறலாம். காஜியின் ஹஜ்ரும் எல்லாரையும் விகிதப்படியே நடத்துகிறது. ஒருவரின் கண்ணீர் நமக்குத் தெரிகிறது. பட்டியலில் உள்ள மற்றவரின் கண்ணீர் தெரியாமலிருக்கலாம் அல்லவா?

இங்கேதான் ஜமாஅத்தின் கடமை வருகிறது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வகுத்துள்ளது. ஆண்டுதோறும் சேலையும் அரிசியும் வழங்கும் நாம், இந்த வகையினரை எப்போதாவது நினைத்ததுண்டா? நிர்வாகிகளிடம் எடுத்துரைத்தேன். அந்தத் தாயும் ஸகாத்துக்குத் தகுதியுடையவர் என்பதால், ஜமாஅத் நிதியிலிருந்தே அவர் மகளின் நிக்காஹுக்கு உதவினர். அது கடனாளியின் சொத்தன்று. ஆகவே சட்டம் தடுக்கவில்லை. இரு மூத்தவர்கள் கடன் கொடுத்த மற்றவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தனர். சிலர் பாதியை விட்டுக்கொடுத்தனர், சிலர் மறுத்தனர். மறுத்தவர்களையும் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் உழைத்த பணம் அது.

மனு இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறார். வேறொருவர் கடையில் விற்பனையாளராக வேலை செய்கிறார். முன்வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை, காவல் நிலையப் புகாருக்குப் பின் காணவில்லை.

சென்ற வாரம் தொழுகைக்குப் பின் அந்தக் குறிப்பேட்டை மீண்டும் காட்டினார். முதல் பெயர் அப்படியே இருந்தது.

"ஜமாஅத் உதவியது அவர்களின் நன்மை ஹஜ்ரத். நான் வாங்கியது என் கணக்கு. விடுதலை கிடைத்த மறுநாளிலிருந்து மாதம் ஐந்நூறாவது கொடுப்பேன். நீதிமன்றம் அடித்துவிட்டாலும் இந்த வரிகளை நான் அடிக்க மாட்டேன்."

இந்த உறுதியுடைய ஒருவர் மஞ்சள் கடிதாசி கொடுத்தார் என்றால், அவரைக் கண்டு முகம் சுளிப்பதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது?